பிறந்த எடையும் பிள்ளையின் ஈரலும்: தாய் சேய் அட்டை முதல் எஸ்.ஜி.பி.டி. வரை

பிள்ளைக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று ஸ்கேன் தாளில் வந்துவிட்டால், வீட்டில் எல்லோரும் போன மாதச் சாப்பாட்டைத்தான் நினைத்துப் பார்ப்பார்கள். பரோட்டாவா, பேக்கரி பப்ஸா, கூல்டிரிங்ஸா என்று பேச்சு ஓடும். பீரோவில் கிடக்கும் தாய் சேய் அட்டையை யாரும் எடுப்பதில்லை. முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான். பிறக்கும்போது பிள்ளை எத்தனை கிலோ, முதல் ஆறேழு வருடத்தில் எடை எந்த வேகத்தில் ஏறியது என்ற இரண்டும், இன்று ஈரலில் என்ன நடக்கிறது என்பதற்கு நேரடித் தொடர்புள்ளவை. ஈரல் கெட்ட பிறகு தேடுவதைவிட, அந்த எடைக்கோட்டைத் தொடக்கத்திலிருந்தே கவனித்து வந்தால் பிள்ளை அந்த இடத்துக்குப் போகாமலே பார்த்துக்கொள்ள முடியும். கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இதை வீட்டிலிருந்தே எப்படிச் செய்வது என்பதற்கான வழிமுறை இது.

அட்டையிலிருந்து எழுதிக்கொள்ள வேண்டியவை

ஒரு நோட்டு போடுங்கள். முதல் பக்கத்தில் நான்கு விவரம் மட்டும்: பிறந்த எடை, எத்தனையாவது வாரத்தில் பிரசவம், பிறந்தபோது நீளம், கர்ப்பத்தில் தாய்க்குச் சர்க்கரை இருந்ததா. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் அட்டையிலேயே இருக்கும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகாலச் சர்க்கரை நோய். முதல் முறை வரும்போதும், 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் இதைப் பார்ப்பது வழக்கம். அட்டை தொலைந்திருந்தால் டிஸ்சார்ஜ் தாளில் எடையும் வாரமும் இருக்கும்.

வாரத்தை எழுதாமல் எடையை மட்டும் எழுதினால் பாதிப் பயன்தான். 36 வாரத்தில் 2.4 கிலோ என்றால் அந்தப் பிள்ளை சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். 40 வாரம் நிறைந்து 2.4 கிலோ என்றால் கருப்பையிலேயே அதற்குப் போதிய போஷாக்கு போகவில்லை. ஈரல் விஷயத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது பிள்ளையை. பொதுக் கணக்கு இது: 2.5 கிலோவுக்குக் கீழே எடை குறைவு, 1.5க்குக் கீழே மிகக் குறைவு, 4 கிலோவுக்கு மேல் அதிகம். நம் ஊரில் 3.5 கிலோவைத் தாண்டியே குழந்தை பிறந்திருந்தால், கொழுகொழுவென்று இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதோடு நிறுத்தாமல் தாயின் சர்க்கரை அளவையும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு முனையிலும் ஆபத்து ஏன்

கருப்பையில் போஷாக்கு குறையும்போது, சிசுவின் உடல் இருக்கிற ரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிடும். வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளுக்கு, ஈரலும் சேர்த்து, பங்கு குறையும். தசையும் குறைவாகவே வளரும். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேரவேண்டிய இடம் தசைதான். அது போதாதபோது இன்சுலின் சரியாக வேலை செய்யாது. மிஞ்சும் சர்க்கரையையும் கொழுப்பையும் ஈரல் வாங்கி வைத்துக்கொள்ளும். இந்தச் சிசு ‘கிடைப்பது கொஞ்சம்தான், சேர்த்து வை’ என்ற கணக்கோடு பிறக்கிறது. பிறந்த பிறகு தாராளமாகக் கிடைத்தாலும் கணக்கு மாறுவதில்லை.

தாய்க்குச் சர்க்கரை இருந்து பெரிதாகப் பிறந்த பிள்ளையின் வழி வேறு. தாயின் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகும்; தாயின் இன்சுலின் போகாது. சிசு தானே அதிக இன்சுலின் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கும். கர்ப்பகாலச் சர்க்கரையும் உடல் பருமனும் உள்ள தாய்மாரின் பச்சிளங்குழந்தைகளை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது, பிறந்த சில வாரத்திலேயே ஈரலில் கொழுப்பு மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இருந்திருக்கிறது.

2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, ஈரல் திசு எடுத்து நோய் உறுதியான 538 பிள்ளைகளின் பிறந்த எடையைப் பார்த்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் குறைந்த எடையில் பிறந்தவர்களும் அதிக எடையில் பிறந்தவர்களும் இரண்டு பக்கமும் கூடுதலாக இருந்தார்கள். பெரிதாகப் பிறந்தவர்களுக்குக் கொழுப்பும் அழற்சியும் அதிகம். சிறிதாகப் பிறந்தவர்களுக்கு ஈரல் தழும்பு ஏறுவது அதிகம். தழும்புதான் பின்னாளில் ஈரல் சுருக்கம் வரை கொண்டுபோவது. ஆகவே சிறுத்துப் பிறந்த பிள்ளையின் ஈரலில் ‘கொஞ்சம்தான் கொழுப்பு’ என்று வந்தாலும் அதைச் சாதாரணமாக விடக்கூடாது.

நம் நாட்டுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. சர்க்கரை நோய் ஆய்வாளர் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் குழு புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டது. சராசரி எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. தசையும் வயிற்றுச் சுற்றளவும் நம் குழந்தைகளுக்கு வெகுவாகக் குறைவு. ஆனால் முதுகுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஒல்லியான பிள்ளைக்கு ஈரல் கொழுப்பு வராது என்ற எண்ணம் நம்மிடையே பலிக்காததற்கு இது ஒரு காரணம்.

வீட்டில் அளப்பது

எடை, உயரம், இடுப்பு. மூன்றையும் ஒரே நாளில் அளந்து, தேதி போட்டு, நோட்டில் எழுதுங்கள். எடையை மட்டும் எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உயரம் இல்லாமல் எடைக்கு அர்த்தம் கிடையாது.

2 வயது வரை குழந்தையைப் படுக்க வைத்துத்தான் நீளம் எடுக்க வேண்டும். தலை ஒரு பலகையில் முட்ட வேண்டும், முழங்காலை மெதுவாக அழுத்தி நேராக்க வேண்டும், பாதத்தில் இன்னொரு பலகை. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதற்கான கருவி இருக்கும். தடுப்பூசிக்குப் போகும்போது ‘நீளமும் எடுத்துக் கொடுங்க’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். எடை பார்க்கும்போது நாப்கினைக்கூடக் கழற்றிவிட வேண்டும். நனைந்த நாப்கினே 100, 150 கிராம் காட்டிவிடும். சின்னக் குழந்தைக்கு அது நாலைந்து நாள் வளர்ச்சி. 2 வயதுக்குப் பிறகு நிற்க வைத்து உயரம். படுத்த நீளத்தைவிட நின்ற உயரம் சுமார் 0.7 செ.மீ. குறைவாக வரும். பிள்ளை குள்ளமாகிவிட்டதோ என்று பதற வேண்டாம்.

சுவரில் உயரம் எடுக்கும்போது குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரில் படவேண்டும். பின்னலும் கொண்டையும் அவிழ்த்திருக்க வேண்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலைமேல் சுவருக்குச் செங்குத்தாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து டேப் பிடியுங்கள். இரண்டு முறை எடுங்கள், அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் எடுங்கள்.

இடுப்பளவை டிரவுசர் கட்டும் இடத்தில் எடுக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்நுனிக்கும் நடுவில், பிள்ளை மூச்சை விட்டு முடித்த நேரத்தில், தோலை அழுத்தாமல் எடுக்க வேண்டும். 6 வயதுக்கு மேல் இடுப்பு, உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 130 செ.மீ. பிள்ளைக்கு 65க்குள் இருக்க வேண்டும். கணக்கெல்லாம் போடத் தெரியாத பாட்டிகூடச் செய்யலாம்: பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, அதைப் பாதியாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். கயிற்றின் இரண்டு முனையும் சேராவிட்டால் பிரச்சினை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? முதல் வருடம் மாதாமாதம். 3 வயது வரை அங்கன்வாடியில் எடுப்பது போதும். அதன் பிறகு 5 வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வாராவாரம் மெஷினில் ஏற்றினால் பிள்ளைக்குத் தன் உடம்பின்மேல் வெறுப்புதான் வரும்.

கோட்டைப் படிப்பது

5 வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வரைபடம், அதன் பிறகு 18 வரை இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் 2015 வரைபடம். பையனுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. சங்கத்தின் உடல் நிறை எண் வரைபடத்தில் ‘23’, ‘27’ என்று இரண்டு கோடு மேலே போகும். அவை பெரியவரானபின் வரும் எண்கள்; பிள்ளையின் எண்ணை நேராக அவற்றோடு ஒப்பிடாமல், அதன் வயதுக்கு நேரே கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் கோட்டைத் தாண்டினால் அதிக எடை, இரண்டாவதைத் தாண்டினால் உடல் பருமன். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு 2 வயது வரை, எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அத்தனை வாரத்தை வயதிலிருந்து கழித்துவிட்டுப் புள்ளி வைக்க வேண்டும்.

உடல் நிறை எண் கணக்கு: எடையை உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும், உயரம் மீட்டரில். 38 கிலோ, 1.30 மீட்டர் என்றால் 22.5.

இயல்பாக நடப்பது இது. பிறந்த முதல் வாரத்தில் எடை கொஞ்சம் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் திரும்பும். முதல் மூன்று மாதம் நாளுக்கு 25 முதல் 30 கிராம் ஏறும். ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடை இரட்டிக்கும், ஒரு வயதில் மும்மடங்காகும். 2 வயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஏறக்குறைய 2 கிலோவும் 6 செ.மீ.யும்தான். அதனால் உடல் நிறை எண் ஒரு வயதுக்குப் பிறகு இறங்கிக்கொண்டே வந்து, 5, 6 வயதில் அடிமட்டத்தைத் தொட்டு, அப்புறம் மறுபடி ஏறும். 3, 4 வயதுப் பிள்ளை விலா தெரிய ஒல்லியாக ஓடுவது இதனால்தான். ‘இளைச்சுப் போயிட்டானே’ என்று பாட்டி கவலைப்படும் அந்த வயதுதான் உண்மையில் சரியான வளர்ச்சியின் அடையாளம்.

அந்த அடிமட்டம் சீக்கிரமே வந்து, கோடு 3, 4 வயதிலேயே மேலே திரும்பினால் அது எச்சரிக்கை. டெல்லியில் பிறந்ததிலிருந்து அளந்து வரப்பட்ட ஒரு தலைமுறையை 26 முதல் 32 வயதில் சோதித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. சர்க்கரை நோய்க்கு ஆளானவர்கள் சிறுவயதில் குண்டாக இருந்தவர்கள் அல்ல. 2 வயதுவரை ஒல்லியாக இருந்து, கோடு முன்கூட்டியே திரும்பி, பிறகு நிற்காமல் ஏறியவர்கள். ஈரல் கொழுப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் வேர் ஒன்றே, இன்சுலின் வேலை செய்யாமை.

ஓர் எடுத்துக்காட்டு. நிறைமாதத்தில் 2.1 கிலோவில் பிறந்த பெண் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். 2 வயதில் 10.5 கிலோ, 83 செ.மீ. (உடல் நிறை எண் 15.2). 3 வயதில் 13 கிலோ, 93 செ.மீ. (15.0). இதுவரை நல்ல வளர்ச்சி. 4 வயதில் 16.5 கிலோ, 100 செ.மீ. (16.5). 5இல் 20 கிலோ, 107 செ.மீ. (17.5). 7இல் 30 கிலோ, 120 செ.மீ. (20.8). இந்தப் பிள்ளையைப் பார்த்து 4 வயதில் யாரும் குண்டு என்று சொல்லமாட்டார்கள். ‘இப்பத்தான் தேறியிருக்கா’ என்பார்கள். ஆனால் கோடு 3க்கும் 4க்கும் நடுவில் திரும்பிவிட்டது. 7 வயதில் தெரிவது அதன் விளைவு. 4 வயதில் பிடித்திருந்தால், மாலையில் கொடுத்த ஒரு டம்ளர் இனிப்புப் பாலை நிறுத்துவதோடு முடிந்திருக்கும்.

முதல் இரண்டு வருடம்

இங்கே ஒரு எச்சரிக்கை. எடை குறைவாகப் பிறந்த குழந்தையைப் பட்டினி போட்டு மெதுவாக வளர்க்கச் சொல்லவில்லை. குறிப்பாகக் குறைமாதக் குழந்தைக்கு முதல் மாதங்களில் எடை ஏறுவது மூளை வளர்ச்சிக்குத் தேவை. ஏற வேண்டியது நீளமும் தசையும் தலைச் சுற்றளவும். தவிர்க்க வேண்டியது கொழுப்பு மட்டும் ஏறுவது. சிறுத்துப் பிறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் 2 வயதுக்குள் உயரத்தில் எட்டிப் பிடித்துவிடுவார்கள். பிடிக்காத பிள்ளையை 2 வயதிலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பருவம் வந்தால் வளர்வான் என்று பொறுத்திருப்பது தவறு.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். நாளுக்கு 8 முதல் 12 முறை. சப்ப முடியாத சின்னக் குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சிச் சங்கில் ஊட்டுங்கள், புட்டி வேண்டாம். பிறந்ததும் சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவ வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிருமி ஒரு வயதுக்குள் உயிருக்கே ஆபத்து.

பால் பவுடர் தவிர்க்க முடியாத நிலையில், கரைக்கும் அளவில்தான் தவறு நடக்கிறது. டப்பாவில் சொன்ன தண்ணீருக்கு, அந்த டப்பாவிலேயே இருக்கும் கரண்டியால், தலை தட்டிய அளவு. குழந்தை தேறட்டும் என்று ஒரு கரண்டி கூட்டினால் புரதமும் மாச்சத்தும் எகிறும். ஐரோப்பாவில் 5 நாடுகளில் நடந்த சோதனையில், புரதம் அதிகமான பவுடர் குடித்த குழந்தைகள் 6 வயதில் மற்றவர்களைவிடப் பருமனாக இருந்தார்கள். புரதம் குறைத்த பவுடர் குடித்தவர்கள் உயரத்தில் எதையும் இழக்கவில்லை.

ஆறு மாதம் முடிந்ததும் திட உணவு. 6 முதல் 8 மாதம் இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி அரைக் கிண்ணம் வரை (250 மி.லி. கிண்ணம்), நாளுக்கு இரண்டு மூன்று முறை. 9 முதல் 11 மாதம் அரைக் கிண்ணம், மூன்று நான்கு முறை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் ஒரு கிண்ணம், மூன்று நான்கு முறை, நடுவில் ஒன்றிரண்டு சிறு தீனி. கரண்டியைச் சாய்த்தால் வழியாத கெட்டி இருக்க வேண்டும். தண்ணீராக ஓடும் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் வயிற்றை நிரப்பும், உயரத்தைத் தராது. பருப்பு சாதத்தை நன்றாகக் குழைத்து அரை டீஸ்பூன் நெய், மசித்த கீரை, முட்டை, முள் எடுத்த மீன் எல்லாம் 6 மாதத்துக்கு மேல் கொடுக்கலாம். பாலில் ஊறவைத்த பிஸ்கட்டைச் சாப்பாடாகக் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். எடையை ஏற்றி நீளத்தை ஏற்றாத உணவுக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. தமிழ்நாட்டு அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, மேலே சர்க்கரை போட வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் பசும்பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சாப்பாடு இறங்காது, ரத்தசோகையும் வரும்.

எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு இரும்புச்சத்துச் சொட்டு மருந்து மற்றவர்களைவிட முன்னதாகவே தொடங்கும். டாக்டர் எழுதிய அளவையும் நாளையும் விடாமல் கொடுங்கள்.

சர்க்கரையைக் கணக்குப் பார்ப்பது

ஈரலில் கொழுப்பை நேரடியாக உண்டாக்கும் பொருள் எண்ணெயைவிடச் சர்க்கரைதான் என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ் என்ற இனிப்பு வகை. அதைப் பெரும்பாலும் ஈரல்தான் கையாளும். மிஞ்சியதை அங்கேயே கொழுப்பாக்கிவிடும். 2019இல் வெளியான சோதனையில், ஈரல் கொழுப்பு உள்ள 11 முதல் 16 வயதுப் பையன்கள் 40 பேரில் பாதிப் பேருக்கு 8 வாரம் சர்க்கரை மிகவும் குறைத்த சாப்பாடு கொடுத்தார்கள். ஈரலில் இருந்த கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்கியது. எந்த மருந்தும் இல்லாமல்.

2 வயதுக்குள் சேர்த்த சர்க்கரை கூடவே கூடாது. அதன் பிறகு நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஐந்தாறு டீஸ்பூன். பள்ளிப் பிள்ளையின் ஒரு நாளைக் கூட்டிப் பாருங்கள். காலை மால்ட் பாலில் இரண்டு டீஸ்பூன் 10 கிராம், இடைவேளை கிரீம் பிஸ்கட் நான்கு சுமார் 15, மாலை டீயில் 10, வீட்டுக்கு வரும் வழியில் 200 மி.லி. மாம்பழ ஜூஸ் சுமார் 26. மொத்தம் 60ஐத் தாண்டும். இதில் இனிப்புப் பலகாரம் எதுவுமே சேரவில்லை.

இந்தப் பக்கத்தில் கரும்புச் சாறு தாராளம். இயற்கையானது என்று 200 மி.லி. குடித்தால் 25 கிராமுக்குக் குறையாது. ஒரே டம்ளரில் நாள் கணக்கு முடிந்தது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு எல்லாம் ஈரலுக்கு ஒன்றுதான். பண்ருட்டிப் பலாச்சுளை வேறு விஷயம்: நாலு சுளையை மென்று தின்றால் நாரும் சேர்ந்து போகும். அதையே மிக்ஸியில் அடித்துச் சர்க்கரை போட்டு ஜூஸாக்குவதுதான் தவறு. பாக்கெட்டின் பின்புறம் ‘ஆடட் சுகர்ஸ்’ என்ற வரியை மட்டும் பாருங்கள், 100 கிராமுக்கு எவ்வளவு என்று. முன்பக்கத்தில் உயரமாக வளரும் பிள்ளையின் படம் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள்.

எப்போது ரத்தம் எடுப்பது

பிறந்த எடை குறைவு என்பதற்காக மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. உடல் பருமன் கோட்டைத் தாண்டிய பிள்ளைக்கு 9 முதல் 11 வயதுக்குள் ஒருமுறை. அதிக எடைக் கோட்டைத் தாண்டி, கூடவே வயிறு மட்டும் பெருத்திருந்தாலோ, பெற்றோருக்குச் சர்க்கரை நோயோ ஈரல் கொழுப்போ இருந்தாலோ அதே வயதில். கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தாலும் எடுக்க வேண்டும். அது அழுக்கு அல்ல. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். இன்சுலின் வேலை செய்யவில்லை என்று தோல் சொல்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டுப் பெண் போலச் சிறுத்துப் பிறந்து வேகமாக ஏறிய பிள்ளை என்றால், 9 வயதைத் தாண்டித் தள்ளிப்போட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பார்க்க வேண்டியது எஸ்.ஜி.பி.டி.; ஈரல் பாதிக்கப்படும்போது ரத்தத்தில் ஏறும் என்சைம் அது, சில தாளில் ஏ.எல்.டி. என்றும் இருக்கும். இங்கேதான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது. லேப் தாளில் ‘40 வரை நார்மல்’ என்றுதான் அச்சாகியிருக்கும். அது பெரியவர்களுக்கான கணக்கு. பெண் பிள்ளைக்கு 22, ஆண் பிள்ளைக்கு 26 என்பதே குழந்தைகளுக்கான மேல் எல்லை. 38 என்று வந்த தாளை ‘நார்மல்தான்’ என்று மடித்து வைத்துவிட்டால் நோய் உள்ளேயே வளரும். இந்த எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் (பெண்ணுக்கு 44, பையனுக்கு 52) மூன்று மாதத்துக்கு மேலாக நின்றால் முழுப் பரிசோதனை தேவை. 80க்கு மேல் வந்தால் காத்திருக்கக் கூடாது.

காய்ச்சல் வந்த வாரத்தில் எடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெங்கு, வைரஸ் காய்ச்சல் சுற்றும் நேரத்தில் எஸ்.ஜி.பி.டி. தானாகவே ஏறும். குணமாகி ஒரு மாதம் விட்டு எடுங்கள். ஸ்கேனை மட்டும் நம்பவும் வேண்டாம்: கொழுப்பு கொஞ்சமாக இருக்கும்போது சாதாரண வயிற்று ஸ்கேனில் தெரியாது, தழும்பு ஏறியிருக்கிறதா என்பதையும் அது சொல்லாது. ‘கிரேடு 1’ என்பது கொழுப்பின் அளவு, ஆபத்தின் அளவு அல்ல.

3 வயதுக்குள் ஈரல் கொழுப்பு என்று வந்தாலோ, ஒல்லியான பிள்ளைக்கு எஸ்.ஜி.பி.டி. ஏறியிருந்தாலோ உணவுப் பழக்கத்தின்மேல் பழியைப் போட்டு விட்டுவிடக் கூடாது. வில்சன் நோய் (ஈரலில் செம்பு சேரும் பரம்பரை நோய்), மஞ்சள் காமாலை பி, சி, பிறவி வளர்சிதைக் குறைகள், தைராய்டு, வலிப்புக்கும் மூட்டுக்கும் கொடுக்கும் சில மருந்துகள், ஸ்டீராய்டு எல்லாம் இதே தோற்றம் காட்டும். கண் மஞ்சள், வயிறு வீக்கம், ரத்த வாந்தி, கறுத்த மலம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனை, மேல் சிகிச்சைக்குக் கோரிமேடு ஜிப்மர். எங்கே போனாலும் நோட்டையும் தாய் சேய் அட்டையையும் எடுத்துப் போங்கள். பிறந்த எடையைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கொழுப்பு உறுதியான பிறகு

குழந்தைகளுக்கென்று இதற்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. மெட்பார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை ஈரலைச் சரிசெய்யவில்லை என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. பெயர் ஒட்டாத பொடியும் லேகியமும் ஏற்கெனவே சிரமப்படும் ஈரலுக்கு இன்னொரு சுமை.

வளரும் பிள்ளைக்கு எடையைக் குறைப்பதே தேவைப்படாமல் போகலாம். 130 செ.மீ., 38 கிலோப் பிள்ளை ஒரு வருடம் அதே 38இல் நின்று 135.5 செ.மீ. வளர்ந்தால், எண் 22.5இலிருந்து 20.7க்கு இறங்கிவிடும். மிகவும் பருமனான பிள்ளை என்றால் 6 முதல் 11 வயதில் மாதத்துக்கு அரை கிலோ இறங்கினால் போதும். வேகமாக இறக்கினால் தசை கரையும். சிறுத்துப் பிறந்த பிள்ளைக்குத் தசைதான் ஏற்கெனவே பற்றாக்குறை. அதனால் இவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கவே கூடாது.

தட்டில் பாதி காய், கீரை, கால்வாசி சோறு, கால்வாசி பருப்பு, முட்டை, மீன் அல்லது சுண்டல். ஒரு வேளைக்கு 50, 60 கிராம் அரிசி வடித்தால் 9 வயதுப் பிள்ளைக்குப் போதும். முதலில் பொரியலைப் போட்டுவிட்டுக் கடைசியில் சோற்றைப் போடுங்கள். மத்தியும் நெத்திலியும் விலை குறைவு, குழம்பாக வைத்தால் எண்ணெயும் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது, அதன் இடத்தில் கருவாட்டை வைக்காமல் முட்டையும் கொண்டைக்கடலையும் வையுங்கள்; கருவாட்டில் உப்பு மிக அதிகம்.

நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு ஓட்டம், அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது ஸ்கிப்பிங், கபடி, சிலம்பம் போலத் தசைக்கு வேலை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி வராது. கடலூரில் சில்வர் பீச் மணலில் 20 நிமிடம் ஓடினால் தார்ச்சாலை ஓட்டத்தைவிடத் தசைக்கு வேலை அதிகம். வடகிழக்குப் பருவமழை மூன்று மாதமும் விளையாட்டு நின்று எடை ஏறுவது வழக்கம். அக்டோபர் பிறக்கும் முன்பே வீட்டுக்குள் கயிறு குதிக்கவும் மாடிப்படி ஏறவும் ஓர் இடம் ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு, தனித் தடை என்று வைத்தால் ஒரு மாதத்தில் முறிந்துவிடும். அப்பா டீயில் சர்க்கரை குறைய வேண்டும், அண்ணன் வாங்கி வரும் பாட்டிலும் நிற்க வேண்டும். ‘குண்டு’ என்று கூப்பிடுவதை வீட்டுக்குள்ளாவது நிறுத்துங்கள். கேலி செய்யப்பட்ட பிள்ளை ஒளித்துச் சாப்பிடக் கற்றுக்கொள்ளும், நோட்டில் எழுதும் கணக்கு எதுவும் அப்புறம் உண்மையாக இருக்காது.

மூன்று மாதம் கழித்து, முடிந்தால் அதே லேபில், மறுபடி எஸ்.ஜி.பி.டி. எடை இறங்காமலே இந்த எண் மட்டும் இறங்கியிருக்கலாம். சர்க்கரையை நிறுத்தியதற்கு ஈரல் முதலில் காட்டும் பதில் அதுதான், எனவே மெஷின் அசையவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். எண் அப்படியே நின்றாலோ ஏறினாலோ ஈரல் மருத்துவரைப் பார்த்து ஈரல் தழும்பைக் கணிக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். இயல்புக்கு வந்த பிள்ளைக்கும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். எடைக்கோடு மறுபடி மேலே திரும்பினால் அதற்கு முன்பே.